வள்ளத்துக்குக் கடன் உண்டு, சுவருக்கு?

மலையடிவாரத்துத் தென்காசியில் உட்கார்ந்துகொண்டு இவர் ஏன் கடலைப் பற்றி எழுதுகிறார் என்று சிலர் கேட்பீர்கள். நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்கு மேற்கே குற்றாலமும் உண்டு, கிழக்கே கடலும் உண்டு. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. 2019-ல் நாமும் பிரிந்தோம். என் வங்கி உத்தியோகத்தில் பாதிக்காலம் அந்தக் கடற்கரைப் பக்கம்தான் கழிந்தது. வள்ளம் கட்ட, இன்ஜின் வாங்க, வலை வாங்கக் கடன் கொடுப்பதுதான் என் மேசை வேலை.

தவணை கட்ட வந்த வயதான வள்ளக்காரர் ஒருவர் ஒருநாள் சொன்னார்: "கடலுக்குள்ள எனக்குப் பயமில்ல சார். வள்ளத்தக் கரையில கட்டிப்போட்டுட்டு வீட்டுல படுத்திருக்கேன் பாருங்க, அந்தப் புயல் ராத்திரிதான் பயம்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. பெரிய கப்பல் புயல் வருமுன்னே ஆழ்கடலுக்குப் போய்விடலாம். சிறு படகு எங்கே போகும்? கரையோரம் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு ஒன்றோடொன்று மோதி உடையும். அதற்கு வேண்டியது கடல் பக்கம் ஒரு கல் சுவர், உள்ளே அலையடங்கிய தண்ணீர், அவசரத்தில் நுழைய ஒரு வாசல்.

வள்ளத்துக்குக் கடன் எழுத ஒரு பெயர் இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது. சுவருக்கு யார் பெயரில் எழுதுவது? எல்லோருக்கும் பயன்படுவதை ஒருவர் பெயரில் அடமானம் பிடிக்க முடியாது. துறைமுகம் கட்டலாம் என்றால், அதன் வருமானம் கப்பலும் சரக்கும் கட்டும் கட்டணம். ஆகவே சுவர் கப்பலுக்குத்தான் முதலில் எழும்பும்.

இதை நான் நன்றாக உணர்ந்தது ஹாங்காங்கில். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது தினமும் காலையில் விக்டோரியா பூங்காவில் நடப்பேன். அந்தப் புல்தரை ஒரு காலத்தில் தண்ணீராம். 1874 செப்டம்பர் புயலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1883-ல் காஸ்வே பே என்ற அந்த இடத்தில் சிறு படகுகளுக்கென்றே புயல் ஒதுக்கிடம் கட்டினார்கள். 1950-களில் அதைத் தூர்த்துப் பூங்காவாக்கி, அதற்கு வடக்கே வேறொன்று அமைத்தார்கள்.

அந்த ஒன்று போதவில்லை. 1906 செப்டம்பர் 18 காலையில் அடித்த புயலில் சுமார் 10,000 பேர் இறந்ததாகக் கணக்கு. பெரும்பாலோர் படகிலேயே பிறந்து, படகிலேயே குடும்பம் நடத்திய ஏழைகள். நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து சரக்கைக் கரை சேர்த்தவை அந்தப் படகுகள்தான். ஊரோ தீர்வையில்லாத் துறைமுகம். அரசுக்கு வருமானம் நிலக் குத்தகை, அபினிக் குத்தகை போன்றவற்றில். கவுலூன் பக்கம் யாவ் மா டேயில் இரண்டாவது பெரிய ஒதுக்கிடம் முடிந்தபோது 1915 ஆகிவிட்டது. 9 ஆண்டுகள்! இருந்தாலும் கட்டினார்கள். படகு உடைந்தால் துறைமுகமே படுத்துவிடும் அல்லவா?

அதே 1906-ல்தான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அங்கும் ஆழம் போதாமல் கப்பல்கள் தூரத்தில் நிற்க, தோணிகள்தான் சரக்கு ஏற்றி இறக்கின. முயல் தீவு முதலான தீவுகள் ஓரளவு அலையைத் தடுத்தன. அது இயற்கை போட்ட சுவர், காசு கேட்காதது.

சென்னைக் கதை வேறு. 1870-களில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர் புயல் நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். கப்பலுக்கு அடைக்கலம் கிடைத்தது. ஆனால் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலைச் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கட்டுமரம் இழுத்துப் போட்டிருந்த மீனவர் கரை அது.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒகி நமக்கு மறக்காது. குமரிக் கரையிலும் கேரளத்திலும் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அதே புயலில் 900-க்கு மேற்பட்டோர் மகாராஷ்டிரத்து தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கி உயிர் பிழைத்தார்கள். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசில் அடிக்கும், நாம் கரையில் ஏறி நிற்கிறோம். ஏற ஒரு கரை இருப்பதால்தான் அந்த விசிலுக்கு மதிப்பு. புயல் எச்சரிக்கையும் அப்படித்தான்.

நம் மீனவர்கள் கேட்கும் தூண்டில் வளைவு இந்தச் சுவரின் தம்பிதான். அரிப்பைத் தடுக்கக் கேட்பதுதான் அது. சரியாக அமைந்தால் பின்னால் வள்ளம் நிற்கவும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஓர் ஊருக்குப் போட்டால் அடுத்த ஊர்க் கரை அரிக்கும் என்ற சென்னைப் பாடத்தை மறக்காமல், கரை முழுவதையும் பார்த்துத் திட்டமிட வேண்டும். வாசலில் சேரும் மணலை ஆண்டுதோறும் தோண்டவும் பணம் ஒதுக்க வேண்டும்; இல்லையென்றால் சுவர் மட்டும் நிற்கும், படகு நுழையாது.

"இத்தனை கோடி மீனவர்களுக்கா?" என்று டீக்கடையில் யாராவது கேட்டால், மலை ஊர்க்காரர்களாகிய நாம் ஒன்று சொல்லலாம். வள்ளத்துக்கு அவர்கள் கடனை வட்டியோடு அடைக்கிறார்கள். சுவர் ஊர்ச் சொத்து. அதை ஊர்ப் பணத்தில்தான் கட்டியாக வேண்டும்.