ஜடேஜாவை அனுப்பியது சரியா? அய்யனார் கோவிலில் நடந்த பேச்சு



2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தேன். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இராசபாளையத்துக்கு மேற்கே, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது நீர்காத்த அய்யனார் கோவில். சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றோரம் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

"சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். என் பழைய மாணவன். பெயர் சொல்லப் போவதில்லை. காரணம் படித்து முடித்தால் உங்களுக்கே தெரியும். நாற்பது வயது ஆகிவிட்டது. சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து, தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றிப் போகிறான். அன்றைக்கு மஞ்சள் பனியன் போட்டிருந்தான். முதுகில் 8, அதற்கு மேலே ஜடேஜா பெயர்.

"இனி இந்தப் பனியன் வண்டி தொடைக்கத்தான் சார் ஆகும்" என்றான்.

முந்தின நாள்தான், நவம்பர் 15-ஆம் தேதி, செய்தி வந்திருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ், ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதைத்தான் 'டிரேட்' என்கிறார்கள். சாம்சன் அதே 18 கோடி சம்பளத்தில் இங்கே வந்தார். 18 கோடி வாங்கிக்கொண்டிருந்த ஜடேஜா 14 கோடிக்கு அங்கே போனார்.

"பதின்மூணு வருசம் சார். 2012-ல வந்த மனுசன். 2023 பைனல்ல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் வேணும். ஒரு சிக்ஸ், ஒரு போர். தோனி அவரைத் தூக்குனாரே, அன்னைக்கு எங்க தெருவே தூங்கல. அந்த ஆளைப் போய் அனுப்பலாமா?"

சூதாட்டப் புகாரில் சென்னை அணிக்கு இரண்டு ஆண்டுத் தடை இருந்தபோது 2016, 2017-இல் குஜராத் அணிக்கு ஆடப் போனார். அதைக் கழித்தால் சென்னைக்கு ஆடியது பன்னிரண்டு தொடர் என்று திருத்தினேன். வாத்தியார் புத்தி போகவில்லை. "கணக்கு விடுங்க சார், மனசாட்சியைச் சொல்லுங்க" என்றான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பையன்களும் காதைக் கொடுத்தார்கள். நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அணி எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். 2025-இல் சென்னை பத்தாவது இடம், அதாவது கடைசி. இதற்கு முன் ஒரு முறையும் அப்படி நேர்ந்ததில்லை. 14 ஆட்டத்தில் 4 வெற்றி. தோனிக்கு அப்போது வயது 44. அவருக்குப் பிறகு விக்கெட் கீப்பர் யார்? தொடக்கத்தில் அடித்து ஆட யார்? சாம்சன் இரண்டுக்கும் ஆவார். அப்போது வயது 31. ஜடேஜாவுக்கு அந்த டிசம்பரில் 37. கடைசி இடத்துக்கு வந்த பிறகும் யாரையும் மாற்ற மாட்டேன் என்றால், அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ஆனால் பெரிய ஆட்டக்காரரை அனுப்பினால் மட்டும் அணி திருந்திவிடாது. இதற்குக் கால்பந்தில் நல்ல பாடங்கள் இருக்கின்றன. கால்பந்து என் பழைய பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும்.

2018 ஜனவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி, தன் நட்சத்திரம் கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்த அணிக்குத் தன் ஓட்டை எது என்று தெரிந்திருந்தது. தடுப்பாட்டமும் கோல் கீப்பரும்தான் ஓட்டை. அதே மாதம் வான் டைக் வந்தார். சில மாதத்தில் அலிசன் வந்தார். 2019-இல் ஐரோப்பியக் கோப்பை, 2020-இல் இங்கிலாந்து லீக் கோப்பை.

அதே நாட்டில் டாட்டன்ஹாம் அணி 2013-இல் கரேத் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றது. வந்த பணத்தில் ஏழு பேரை வாங்கினார்கள். முந்தின ஆண்டு ஐந்தாம் இடம், அந்த ஆண்டு ஆறாம் இடம். ஏழு பேரும் சேர்ந்து ஒரு பேல் ஆகவில்லை.

இரண்டு அணியும் செய்தது ஒரே காரியம். ஒருவர் எந்த இடத்தை அடைக்க வேண்டும் என்று தெரிந்து வாங்கினார். இன்னொருவர் பை நிறையப் பணத்தோடு சந்தைக்குப் போனார்.

நம் சென்னையின் எஃப்சி கதையையும் சொன்னேன். 2015 டிசம்பரில் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-2 என்று வென்று கோப்பை. அந்தத் தொடரில் மெண்டோசா மட்டும் 13 கோல் அடித்தார். அடுத்த தொடரில் அவர் இல்லை. எட்டு அணியில் ஏழாம் இடம். 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று வென்று மறுபடியும் கோப்பை. இந்த முறை அணியைப் பெரிதாகக் கலைக்கவில்லை. அடுத்த தொடரில் பத்து அணியில் பத்தாம் இடம்! கலைத்தாலும் விழலாம், கலைக்காவிட்டாலும் விழலாம்.

பிறகு 2023-இல் அனிருத் தாப்பா போனார். 18 வயதில் சென்னைக்கு வந்து, இங்கேயே வளர்ந்து, தலைவராகவும் ஆன பையன். மோகன் பகானுக்குப் போனார். போன பிறகு அங்கே இரண்டு முறை லீக் ஷீல்டு, ஒரு முறை கோப்பை. அவர் போன ஆண்டில் சென்னை ஆறாம் இடம் வந்து பிளே-ஆஃப் வரை போனது. அதற்கு அடுத்த ஆண்டு பதினொன்றாம் இடம். அணிக்கு லாபமா நட்டமா என்று பட்டிமன்றம் வைக்கலாம். அந்தப் பையனுக்கு லாபம் என்பதில் பட்டிமன்றம் தேவையில்லை.

"அப்ப அனுப்பலாம்ங்கறீங்க?" என்றான்.

அனுப்பலாம், மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால், என்றேன். எந்த ஓட்டையை அடைக்க அனுப்புகிறோம்? மவுசு இருக்கும்போதே அனுப்புகிறோமா, தேய்ந்த பிறகா? போகிறவருக்குச் சம்மதமா? ஐபிஎல் விதிப்படி வீரர் சம்மதிக்காமல் மாற்ற முடியாது. ஜடேஜாவும் சம்மதித்துத்தான் போகிறார். 2008-இல் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்த 19 வயதுப் பையன் அவர். தொடங்கிய வீட்டுக்கே திரும்புகிறார். இதில் துரோகம் எங்கே இருக்கிறது? ஆல்ரவுண்டர் இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கியது கொஞ்சம் அதிக விலை என்பது மட்டும் என் குறை.

கல்லூரிப் பையன்கள் தலையாட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "சார், நீங்க அந்த இடத்துல இருந்தா உங்க பெஸ்ட் பிளேயரை விட்டிருப்பீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

1998-ஆம் வருடம். நான் வேலை பார்த்தது நடுநிலைப்பள்ளி. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. விசில் என் கழுத்தில்தான் தொங்கும். இவன் ஏழாம் வகுப்பு. வெறுங்காலில் ஆடுவான். பந்து இவன் காலுக்கு வந்தால் எதிரணி வாத்தியார் எழுந்து நிற்பார். அந்த வருடம் வட்டாரப் போட்டியில் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அடுத்த வருடம் இவன் எட்டாம் வகுப்பு, கோப்பை நமக்குத்தான் என்று நான் மனதில் எழுதி வைத்துவிட்டேன்.

ஏப்ரலில் அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வு அறிவிப்பும் படிவமும் பள்ளிக்கு வந்தன. தேர்வானால் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி, படிப்பு எல்லாம் இலவசம். ஜூனிலேயே வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். தலைமை ஆசிரியர் படிவத்தை என்னிடம் கொடுத்து, "உங்க பையனுக்குத்தான் சார்" என்றார். நான் வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். தேதி முடியும் வரை எடுக்கவில்லை. தலைமை ஆசிரியர் கேட்டபோது, "வீட்ல விட மாட்டேங்கறாங்க" என்று பொய் சொன்னேன். அடுத்த ஆண்டு அனுப்பிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஆண்டு கோப்பை வாங்கினோம். மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவன் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பையன் மில் வேலைக்குப் போனான். அடுத்த ஆண்டு என்று ஒன்று வரவேயில்லை.

அவனிடம் ஒருமுறையாவது கேட்டேனா? இல்லை. சம்மதம் வேண்டும் என்று இன்றைக்குப் பாறையில் உட்கார்ந்து விதி பேசுகிறேன். அன்றைக்கு ஒரு சின்னப் பையனின் வாழ்க்கையை அவனுக்கே தெரியாமல் டிராயருக்குள் பூட்டி வைத்தேன். அணிக்காக என்று சொல்லிக்கொண்டேன். அணி எங்கே வந்தது? தலைமை ஆசிரியர் அறையில் என் பெயரோடு ஒரு கோப்பை இருக்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

கல்லூரிப் பையன்கள் போன பிறகு அவனிடம் சொன்னேன். இருபத்தேழு வருடம் சொல்லாமல் வைத்திருந்தது. அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் சார்" என்றான்.

"எப்படிப்பா?"

"பக்கத்து ஊர் ஸ்கூல் போர்டுல அந்த நோட்டீசு ஒட்டியிருந்துச்சு. பாத்துட்டு உங்ககிட்ட கேக்கணும்னுதான் ஓடி வந்தேன். அன்னைக்கு நீங்க உங்க காசுல புதுப் பந்து வாங்கிட்டு வந்திருந்தீங்க. என்னைத்தான் மொத உதைக்கச் சொன்னீங்க. கேக்கத் தோணல சார்."

எனக்கு அழுகை வந்தது. மறைக்க முகத்தைக் கழுவினேன். அவன்தான் பேச்சை மாற்றினான். "அந்த வருசம் கப்பு ஜெயிச்சோம்ல சார்" என்றான். ஆறுதலுக்குச் சொன்னானா, உண்மையாகவே அந்த நினைப்பில் சொன்னானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தேர்வுக்குப் போயிருந்தால் தேர்வாகியிருப்பான் என்று உறுதி சொல்ல முடியாது. போய்ப் பார்க்கும் வாய்ப்பு அவனுடையது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது அவன் வண்டியிலேயே முன் சீட்டில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் ஜடேஜா பேச்சுதான். கடைசி வரை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க மூணு கேள்வியும் சரி சார். ஆனா எனக்கு ஜடேஜா வேணும்" என்றான். ரசிகன் அப்படித்தான் இருப்பான். இருக்கட்டும். ஆனால் அணியை நடத்துகிறவர் அப்படி இருக்கக் கூடாது.

இதைப் படிக்கும் என் மாணவர்களில் பதினைந்து இருபது பேராவது இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பள்ளியின் நல்ல ஆட்டக்காரனுக்கு, நல்ல ஓட்டக்காரிக்கு, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வெளியே ஒரு இடம் கிடைக்கும் என்றால், அந்தப் படிவத்தை அன்றைக்கே பிள்ளையிடம் காட்டுங்கள். வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். போகட்டும், போகாமல் இருக்கட்டும், முடிவு அவர்களுடையது. உங்கள் அணி ஒரு வருடம் தோற்கும். அடுத்த வருடம் மைதானத்தில் வேறொரு பிள்ளை வெறுங்காலில் வந்து நிற்பான்.

அவன் அனுமதியோடுதான் இதை எழுதினேன். "என் பேரு போடாதீங்க சார், டீம் பேரு போடுங்க" என்றான். இரண்டும் போடவில்லை.

அன்புடன்,
உங்கள் சார்