ஷேருவின் கணக்கு டேலி ஆகணும்

இந்தூருக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. வங்கி உத்தியோகத்தில் ஊர் ஊராப் போறது பழகின விஷயம்தான். ஆனா இந்த ஊரில் கூடுதலா ஒரு ஆசாமி நம்ம ரேஷன் கார்டில் சேர்ந்துட்டார் (பேச்சுக்குத்தாங்க!). பேரு ஷேரு. செவலை நிறம், அசல் நாட்டு நாய். மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போகும்போது விட்டுட்டுப் போனது. அப்போ ஏழு மாசக் குட்டி. முன்னங்கால் ரெண்டும் வில் மாதிரி வளைஞ்சு, படி ஏறவே முனகும்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் என்ன சாப்பிட்டுச்சு?" ரொட்டி, அது நனையற அளவுக்குத் தண்ணிப்பால். அவ்வளவுதான். எலும்பில் சுண்ணாம்புச் சத்தே ஏறலை. குட்டிகளுக்கான முழு உணவு கொடுத்து, சில மாசத்தில் ஓட ஆரம்பிச்சுட்டான். கால் வளைவு மட்டும் கொஞ்சம் அப்படியே இருக்கு.

இப்போ எடை 16 கிலோ. தங்கமணிக்கு பாக்கெட் உணவு மேல நம்பிக்கை இல்லை. "கோழியும் சோறும் நானே வேகவெச்சுப் போடறேன், அதைவிடவா அது சத்து?" என்றார். சரி, பி.காம். படிச்சது எதுக்கு, கணக்குப் பார்த்துடுவோம்னு கால்குலேட்டரை எடுத்தேன்.

எடையை மூணு தடவை பெருக்குங்க: 16 x 16 x 16 = 4096. ரெண்டு தடவை வர்க்கமூலம்: 64, அப்புறம் 8. அதை 70-ஆல் பெருக்கினா 560 கலோரி. சும்மா படுத்திருக்கவே இவ்வளவு வேணும். குடும்பக் கட்டுப்பாடு செஞ்ச, வளர்ந்த நாய்க்கு இதைப் போல 1.6 மடங்கு, அதாவது சுமார் 900.

400 கிராம் சோறு, 200 கிராம் தோல் நீக்கின வெந்த கோழி. கலோரி கிட்டத்தட்ட சரியா வந்துடுது. புரதமும் பரவாயில்லை. ஆனா கால்சியம்? மொத்தமே 70 மில்லிகிராம் பக்கம்தான். அமெரிக்க அளவுகோல்படி, வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்குக் குறைஞ்சது 1.25 கிராம் வேணும். ஷேருவுக்கு 1,100 மில்லிகிராம் வருது. பாஸ்பரஸோ 600-க்கு மேல. கால்சியம் அதுக்குச் சமமாவாவது இருக்கணும், இங்கே எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பற்றாக்குறையை உடம்பு எங்கே எடுக்கும்? எலும்பில்தான். ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைச்சு மளிகை வாங்கற கதை!

முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போட்டா அரை ஸ்பூனில் கிட்டத்தட்ட ஒரு கிராம் கால்சியம் வந்துடும். ஆனா துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் அப்பவும் இடிக்கும். 2013-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதிச்சாங்க. 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைவு. எழுதினவங்களில் கால்நடை டாக்டர்களும் உண்டு!

கடைசியில் வீட்டில் ஒரு சமரசம். 90 சதவீதம் பாக்கெட் உணவு. மீதி 10 சதவீதம் தங்கமணி கையால், தினம் ஒரு அவிச்ச முட்டை. பாக்கெட் வாங்கும்போது கடன் பத்திரம் மாதிரி பொடி எழுத்தைப் படிக்கணும். 'கம்ப்ளீட்'னு போட்டிருந்தாதான் முழு உணவு. 'காம்ப்ளிமென்டரி'ன்னா வெறும் துணை உணவு. எந்த வயசுக்குன்னும் பாருங்க. முழுக்க வீட்டுச் சமையல்தான்னு இருக்கறவங்க டாக்டர்கிட்ட கலவை மருந்து எழுதி வாங்கிக்குங்க. குட்டிகளுக்குக் குத்துமதிப்பா கால்சியம் கொட்டாதீங்க, பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அதிகமானாலும் எலும்பு கெடும்.

இன்னொண்ணு, இந்த ஊர்க்காரங்க அன்பா நீட்டற போஹாவில் வெங்காயம் இருக்கும். நாய்க்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே அழிக்கும். திராட்சை, சாக்லேட்டும் ஆகாது. "நஹி பாயி சாப்"னு நான் கும்பிடு போடறதைப் பார்த்து, மதராஸிக்குக் கஞ்சத்தனம்னு தெருவில் பேச்சு. பேசட்டும்.

மாசம் ஒரு தடவை எடை பார்க்கிறேன். விலாவைத் தடவினா எலும்பு விரலுக்குத் தட்டுப்படுது, கண்ணுக்குத் துருத்தலை. இப்போதைக்கு டேலி!