கொம்பும் காலும் கற்பித்த பாடம்

கற்பிப்போர் கற்பதை நிறுத்தலாகாது என்று மாணவர்க்கு அடிக்கடி உரைப்போம். அவ்வுரை எம்மையே நோக்கித் திரும்பிய நாளும் ஒன்றுண்டு. பதினெட்டு ஆண்டுகளாக எழுத்திலக்கணம் நடத்திவரும் எமக்கு, ‘கொ’ என்னும் ஓரெழுத்தைப் பற்றி யாம் அறியாத செய்தியைக் கணிப்பொறிப் பயன்பாட்டியல் பயிலும் மாணவர் ஒருவர் கற்பித்தார். அதனை இங்கே எழுதிவைப்பது எம் கடன்.

சேலம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைத் தொகுத்து இணையத்தில் ஏற்றுவதென எம் துறையில் சென்ற கல்வியாண்டில் முடிவு செய்தோம். பட்டி, பாளையம், பேட்டை, குறிச்சி என முடியும் நாற்பது ஊர்கள் முதற்கட்டமாகத் தெரிவாயின. ஊருக்கொரு கட்டுரை, கட்டுரைக்கொரு கோப்பு, ஊர்ப்பெயரே கோப்பின் பெயர். சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் வழியில் அமைந்த கொண்டப்பநாயக்கன்பட்டியைப் பற்றி எழுதும் பொறுப்பை யாமே ஏற்றோம். எம் அத்தா சிலகாலம் அவ்வூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். எம் இளமையின் ஒரு பகுதி அங்கே கழிந்தது. பல்லாண்டுகளுக்கு முன் பழைய எழுத்துருவில் தட்டெழுதி வைத்திருந்த எம் கட்டுரையை, எழுத்துருமாற்றி ஒன்றின் துணையால் யூனிகோடு முறைக்கு மாற்றினோம். அதன் தலைப்பிலிருந்தே ஊர்ப்பெயரைப் படியெடுத்துக் கோப்புக்குப் பெயரிட்டு அனுப்பினோம்.

கட்டுரைகள், படங்கள், பக்க வடிவங்கள் ஆகியவற்றை ஒரு நிரல் ஒன்றுசேர்த்து இணையதளமாக ஆக்குகிறது. இப்பணியை மாணவர் ‘பில்டு’ என்கின்றனர். எதனை எங்கிருந்து எடுப்பது, எவ்வரிசையில் வைப்பது என்று அந்நிரலுக்குச் சொல்லும் சிறு ஏடே அமைவுக் கோப்பு. திருமண வீட்டில் சமையற்காரரிடம் கொடுக்கும் சாமான் சீட்டைப் போன்றது அது. சீட்டில் பிழை நேர்ந்தால் அடுப்பு மூட்டியும் பயனில்லை.

எம் கோப்பு சேர்ந்த மறுநாள் பில்டு நின்றது. கொண்டப்பநாயக்கன்பட்டி என்னும் கோப்பு இல்லை என்றது திரை. தளத்தைத் தொடங்கிவைக்கச் சமுதாயப் பெரியவர்கள் வருவதற்கு இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. எமக்குச் சினம் மூண்டது. அமைவுக் கோப்பில் ஊர்ப்பட்டியலைத் தட்டெழுதியவர் அம்மாணவரே. “பதின்மூன்று எழுத்துகளைப் பிழையின்றி எழுதத் தெரியாதா, தம்பி?” என்று வகுப்பார் நடுவே கடிந்துகொண்டோம். “பலமுறை பார்த்துவிட்டேன், ஐயா. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன” என்றார். யாம் செவிகொடுக்கவில்லை. அவர் தலைகுனிந்து அமர்ந்தார்.

மறுநாட் காலை எம் அறைக்கு வந்தார். இரவெல்லாம் உறங்கவில்லை என்பதைக் கண்களே கூறின. தாம் செய்தவற்றை ஒவ்வொன்றாக விளக்கினார். பிழைச்செய்தி நெடியதாக இருப்பினும், அதன் தொடக்கத்தில் எக்கோப்பின் பெயர் வருகிறது என்பதையே முதலில் நோக்கினாராம். அடுத்து, இறுதியாகச் சேர்த்த எம் ஊர்ப்பெயரை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினார். ஏனைய முப்பத்தொன்பது ஊர்களும் தடையின்றி ஏறின. ஆகவே, குறை அவ்வொரு வரியில் என்பது உறுதியாயிற்று. பின்னர்ப் பெயரை மீண்டும் பட்டியலிற் சேர்த்து, எம் கோப்பின் பெயரை மட்டும் அழித்துத் தம் கையால் புதிதாகத் தட்டெழுதினார். பில்டு முடிந்தது! கட்டுரையில் ஓரெழுத்தும் மாறவில்லை, பட்டியலிலும் மாற்றமில்லை. கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றிய இரு பெயர்களுள் ஏதோ வேறுபாடு இருந்தது. இரண்டிலும் உள்ள குறியீடுகளை எண்ணுமாறு கணிப்பொறியைப் பணித்தார். பட்டியலில் இருந்த பெயரில் 21. எம் கோப்பின் பெயரில் 22.

அந்த ஒரு மிகை ‘கொ’வில் இருந்தது. யூனிகோடு முறையில் ஒகர உயிர்மெய்க்குறி ஒரே குறியீடாகவும் அமையலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் அமையலாம். இரண்டும் நிகரானவை என்பதே அம்முறையின் விதி. திரையிலும் இரண்டும் ஒன்றே. ஆயினும், அவற்றை இயல்பாக்கி ஒருவடிவப்படுத்தாமல் அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு பெயர்களே. பழைய எழுத்துருவில், அச்சுக்கோப்பதைப் போன்று, கொம்பும் ககரமும் காலும் தனித்தனியே இடம்பெற்றிருந்தன. எழுத்துருமாற்றி அவற்றை முறைப்படி இணைக்காது விட்டிருந்தது. பிழை மாணவருடையதன்று, எம் கோப்பினது.

எமக்கு ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய மரபு. ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டமையால், ‘கொ’வும் ‘கோ’வும் ஒரே வடிவாய் நின்று படிப்போரை மயக்கின. குறில் நெடில் வேறுபாடு விளங்கக் கொம்பைத் திருத்திய பெருமை வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியதாகச் சொல்லப்படுகிறது. அன்று ஒரு வடிவுக்கு ஈரொலி. இன்று ஒரு வடிவுக்கு இரு குறியீடு. மயக்கம் இடம்மாறியதேயன்றி ஒழிந்தபாடில்லை.

அம்மாணவர் கையாண்ட நெறியும் எமக்குப் புதியதன்று. சேலம் இராமசாமி முதலியார் 1880இல் உ.வே.சாமிநாதையரைச் சீவகசிந்தாமணியின்பால் ஆற்றுப்படுத்தினார். 1887இல் அந்நூல் அச்சேறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஐயர் செய்த பணி, பிரதியோடு பிரதியை வைத்து ஒப்புநோக்கியதே. இப்பாட ஆராய்ச்சியை மேடைதோறும் போற்றிய யாம், எம் கோப்பையும் பட்டியலையும் ஒருமுறையேனும் ஒப்பிட்டோமில்லை. கண்ணை நம்பினோம்; மாணவரை நம்பவில்லை.

இப்போது தளத்தில் இரு மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன. பெயர்கள் அனைத்தும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கப்பட்ட பின்னரே ஒப்பிடப்படுகின்றன. கோப்புகளுக்கு எண்களே பெயர்; ஊர்ப்பெயர் உள்ளே தலைப்பாக நிற்கிறது. அமைவுக் கோப்புகளில் இவ்வாறு கண்ணுக்குத் தப்பும் குறைகள் வேறும் உண்டு என்று அம்மாணவர் பட்டியலிட்டுத் தந்தார். ஜேசன் வகைக் கோப்பில் இறுதி உறுப்பின்பின் ஒரு காற்புள்ளி மிகுந்தாலும், தொடக்கத்தில் கண்காணாக் குறியொன்று ஒட்டியிருந்தாலும் நிரல் மறுக்கக்கூடும். யேமல் வகையில் வரியை உள்தள்ள இடைவெளியே வேண்டும். ‘டேப்’ விசை ஆகாது. லினக்ஸ் வழங்கியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. அத்தாளை எம் மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்துள்ளோம்.

கடிந்தது வகுப்பார் நடுவே. ஆதலின் பொறுத்தருள வேண்டியதும் அங்கேயே ஆயிற்று. அதே வகுப்பில் எழுந்து நின்று, பிழை எம்முடையது என்றோம். இப்பணியிலிருந்து விலகிவிடுவதாக அவர் முன்னாளிரவு நண்பரிடம் கூறியிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் விலகியிருப்பின் இழப்பு தளத்திற்கு மட்டுமன்று, எமக்குமே.

மாணவச் செல்வங்கள் பிழைச்செய்தியைக் கண்டு அஞ்சவேண்டா. முதல் வரியிலிருந்து நிதானமாகப் படியுங்கள், இறுதியாக மாறியதைத் தேடுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கு யாம் கூற ஒன்றே உண்டு. ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஐயா’ என்று ஒரு மாணவர் சொல்வாராயின், கடிவதற்குமுன் நம் பிரதியையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போமாக.