பொய் சொல்லும் நாற்காலி

'மெய்' என்ற சொல்லுக்குத் தமிழில் உடம்பு என்றும் பொருள், உண்மை என்றும் பொருள். விமானம் ஓட்டக் கற்பவர்களிடம் இந்த உறவு செல்லுபடியாகாது. மேகத்துக்குள்ளோ இருட்டிலோ பறக்கும்போது உடம்பு சொல்வதை நம்பாதே, முன்னால் இருக்கும் கருவிகளை நம்பு என்பது அவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். சொல்வது சுலபம். பிறந்தது முதல் நம்பி வந்த ஒன்றைத் திடீரென்று நம்பாமல் இருக்க எப்படிப் பழகுவது?

அதற்குப் பொய்யான விமானங்கள் வேண்டியிருக்கின்றன. ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டு, பல கோடி ரூபாய் விலையில், விமான நிறுவனங்களிடம் மட்டுமே இருந்த சிமுலேட்டரின் சின்ன வடிவம் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. கண்ணை முழுதாக மூடும் 'விஆர்' ஹெட்செட் ஒன்று, மோட்டார்கள் பொருத்திய ஆடும் நாற்காலி ஒன்று, நல்ல கம்ப்யூட்டர் ஒன்று. தில்லியில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் மூன்றையும் வைத்திருக்கிறான். வர்த்தக விமானி உரிமத்துக்குப் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தான்.

ஹெட்செட்டை மாட்டியதும் அறை காணாமல் போயிற்று. நான்கு பேர் உட்காரக்கூடிய ஒரு செஸ்னா விமானத்தில் இருந்தேன். அண்ணாந்தால் இறக்கை, குனிந்தால் பெடல்கள், எட்டிப்பார்த்தால் செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவாக்கிய நிஜமான ஊர். பத்து நிமிடம் நேராகப் பறந்த பிறகு, "இடது பக்கம் திருப்புங்க, அங்கிள்" என்றான். திருப்பினேன். அடிவானம் சாய்ந்தது. நாற்காலியும் கூடவே சாய்ந்தது. இடது கைப்பிடியின் மேல் என் பாரம் முழுவதும் இறங்கியது.

"அப்படியே நிஜமா இருக்கே!" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நிஜத்துல இப்படி இருக்காது. இது விருந்தாளிகளுக்காக வெச்ச செட்டிங்" என்று சிரித்தான்.

அவன் சொன்னது சரி. பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறோம். விமானம் சரியாகத் திரும்பும்போது, சைக்கிள்காரர் உள்பக்கம் சாய்வதைப் போல, அது தேவையான அளவுக்குத் தானும் சாய்ந்துகொள்கிறது. பக்கவாட்டில் தள்ளவேண்டிய விசை, எடையோடு சேர்ந்து நேராக இருக்கையை நோக்கியே இறங்குகிறது. 30 டிகிரி சாய்வில் உடம்பு சுமார் 15 சதவிகிதம் கனக்கும். 60 டிகிரியில் எடை இரு மடங்காகும். ஆனால் சாய்ந்திருப்பது தெரியாது. இரவுப் பயணத்தில் ஜன்னலை மூடிவிட்டுக் கோப்பையில் இருக்கும் தேநீரைப் பாருங்கள். விமானம் திரும்பிக்கொண்டிருந்தாலும் தேநீர் கோப்பையின் ஒரு பக்கமாக ஒதுங்காது.

அடுத்து, தன் பயிற்சிக்காக வைத்திருந்த செட்டிங்கைப் போட்டுக் காட்டினான். இப்போது திருப்பியபோது, சாயத் தொடங்கிய கணத்தில் மட்டும் நாற்காலி சின்னதாக அசைந்தது. பிறகு நான் உணராத வேகத்தில் மெல்ல நடுநிலைக்குத் திரும்பிவிட்டது. கண்ணுக்கு முன்னால் உலகம் சாய்ந்துகிடந்தது. என் உடம்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முதலில் இருந்த சுவாரஸ்யம் இதில் இல்லை. ஆனால் விமானத்தில் இருப்பது இப்படித்தான்.

மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் எனக்கு இது உடனே புரிந்தது. விமானம் சாய்ந்தால் தானும் சாயும் நாற்காலி செய்வது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. மூலத்தில் உள்ள அத்தனை சொல்லும் இருக்கும், பொருள் மட்டும் தப்பிப் போயிருக்கும். நல்ல சிமுலேட்டர் விமானத்தின் அசைவைப் பிரதி எடுப்பதில்லை. அந்த அசைவு உடம்பில் எழுப்பும் உணர்வைக் கொண்டுவரப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு.

இந்த ஏமாற்று வேலை சாத்தியமாவது நம் காதினால். உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சுழன்றாலும் அவை சொல்லிவிடும். அவற்றுக்கு அருகிலேயே நுண்ணிய கால்சியம் துகள்கள் பதிந்த பைகள் இரண்டு. எடை எந்தத் திசையில் இழுக்கிறது என்று இவை சொல்கின்றன. தொல்காப்பியர் ஆறு அறிவுகளை வரிசைப்படுத்தியபோது தொடுதல், சுவை, மணம், பார்வை, கேள்வி, மனம் என்று அடுக்கினார். சமநிலை உணர்வுக்கு அதில் தனி இடம் இல்லை. குறை சொல்ல முடியாது. தரையில் நடமாடும்வரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

இந்த உறுப்புகளுக்கு இரண்டு பலவீனங்கள். மிக மெதுவான சுழற்சியைக் குழல்களால் உணர முடியாது. பின்னால் சாய்வதற்கும் முன்னோக்கி வேகமெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் துகள்களுக்குத் தெரியாது. விமானம் ஓடுபாதையில் சீறிப் பாயும்போது சிமுலேட்டர் எங்கும் பாய்வதில்லை. கண்ணுக்குச் சமதளமான ஓடுபாதையைக் காட்டிக்கொண்டே உடம்பை மெல்லப் பின்னால் சாய்க்கிறது. முதுகு இருக்கையில் அழுந்துகிறது. வேகம் பிடிக்கிறோம் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது.

ஹெட்செட் வந்த பிறகு இதில் புதுச் சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அது ஓயாமல் அளந்து, அதற்கேற்பக் காட்சியை மாற்றுகிறது. நாற்காலி ஆடினால் தலையும் ஆடும். நாமே தலையைத் திருப்பினோமா, நாற்காலி திருப்பியதா என்று ஹெட்செட்டுக்குத் தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்தால், நாம் அண்ணாந்து பார்ப்பதாக நினைத்துக் காட்சியை மாற்றும். எதிரே இருந்த கருவிப் பலகை கீழே நழுவிப்போகும். இதற்காகவே நாற்காலியில் தனியாக ஓர் உணர்கருவி வைத்து, அதன் அசைவைத் தலையின் அசைவிலிருந்து கழிக்கிறார்கள். கணக்குத் தப்பினால் வயிற்றைப் புரட்டும்.

வயிற்றைப் புரட்டுவது ஹெட்செட்டோடு வந்த வியாதி அல்ல. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் சிமுலேட்டர் ஒன்றில் உட்கார்ந்தவர்களுக்குக் குமட்டல் வந்தது 1950களிலேயே பதிவாகியிருக்கிறது. மாணவர்களைவிட அனுபவம் மிக்க பயிற்றுநர்களுக்குத்தான் தொந்தரவு அதிகம். காரணம் ஊகிக்கக்கூடியதே. மூலத்தை அறிந்தவனுக்குத்தான் மொழிபெயர்ப்பின் பிழைகள் உறுத்தும்.

இந்தப் பொய் விமானங்களின் கதை ஓர் இசைக்கருவிப் பட்டறையில் தொடங்குகிறது. நியூயார்க் மாகாணத்தின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை ஆர்கனும் தானியங்கிப் பியானோவும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்தே மகன் 1920களின் இறுதியில் ஒரு குட்டி விமானத்தை ஆடவைத்தார். அதை வாங்கியவர்களில் கேளிக்கைப் பூங்காக்காரர்களும் உண்டு. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் எடுத்துச்செல்லும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரியாமல், சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த பிறகுதான் ராணுவம் லிங்கிடம் ஆறு கருவிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டியில் பயின்றார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு உடம்பை ஏமாற்றுவது எதற்காக? 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் ஒரு சோதனை நடத்தியது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை, மேகத்துக்குள் நுழைந்தது போன்ற நிலையில் ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்குப் பிடித்த நேரம் சராசரியாக 178 வினாடிகள். விமானம் மெல்லச் சாய்வது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்து நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் சாய்வதாக உடம்பு அலறும். கை தானாகவே பழைய சாய்வுக்குக் கொண்டுபோகும்.

நம் நாட்டுக்கு இது வெறும் சோதனைச்சாலைக் கதை அல்ல. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' ஜம்போ விமானம் இரண்டு நிமிடங்களுக்குள் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி கேப்டன் முன்னால் பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். கீழே இருண்ட அரபிக் கடல். கண்ணால் பார்க்க அடிவானம் இல்லை. ஒரு கருவி பொய் சொன்னது. உடம்பால் அதைத் திருத்த முடியவில்லை. திருத்தியிருக்கக்கூடிய மற்ற கருவிகள் அங்கேயே இருந்தன.

ஆகவே பாடம் 'கருவியை நம்பு' என்பதோடு முடிவதில்லை. ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிட்டு, எது பொய் என்று சில வினாடிகளில் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் உடம்பு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது. இதை நிஜ விமானத்தில் கற்றுக்கொள்ள முயல்வது தற்கொலைக்குச் சமம். பொய் விமானத்தில்தான் கருவியை வேண்டுமென்றே பழுதாக்கலாம், விழுந்து நொறுங்கலாம், மறுபடி புறப்படலாம்.

வீட்டு நாற்காலியால் இதையெல்லாம் கற்றுத்தர முடியுமா? பாதிதான் முடியும். சில டிகிரி மட்டுமே சாயும் நாற்காலியால், அரை நிமிடம் நீடிக்கும் திருப்பத்தில் காது மயங்குவதை உண்டாக்க முடியாது. அதற்கு ஆளையே சுழற்றும் இயந்திரம் வேண்டும். ஹெட்செட்டுக்குள் சொந்தக் கை தெரியாது. ஸ்விட்சைத் தடவித் தேட வேண்டும். தவறான செட்டிங்கில் நூறு மணி நேரம் பழகினால் நூறு மணி நேரத் தவறான பழக்கம்தான் மிஞ்சும். ஆனால் தொழில்நுட்பத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. 2021இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, ஹெட்செட்டும் ஆடும் மேடையும் கொண்ட ஒரு ஹெலிகாப்டர் பயிற்சிக் கருவிக்கு முதன்முறையாக அங்கீகாரம் அளித்தது.

நம் ஊரில் வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டு நாற்காலியில் பறக்கும் மணிகள் அந்தக் கணக்கில் ஏறாது. செலவு பெரும்பாலும் அரை கோடியைத் தாண்டிவிடுகிறது. வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு, நிஜ விமானத்தில் ஏறுமுன் நடைமுறைகளைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவாவது இந்த நாற்காலி உதவுகிறது. நூறு முறை செய்த ஒன்றை வானத்தில் பணம் கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

2023இல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவற்றின் முன் இருக்கைகளில் அமரப்போகும் பலர் இன்று எங்கோ படித்துக்கொண்டிருக்கும் பையன்களும் பெண்களும்தான். பின் இருக்கைகளில் நாம், தேநீர்க் கோப்பையோடு, விமானம் சாய்வதே தெரியாமல் உட்கார்ந்திருப்போம். நமக்குத் தெரியாமல் இருக்கலாம். முன்னால் இருப்பவர், தனக்கும் அது தெரியாது என்பதைத் தரையில் ஒரு நாற்காலியில் பலமுறை ஏமாந்து கற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும்.