குமாசி அரண்மனையின் கடைசிப் படம்

கானாவுக்குப் புறப்பட்டபோது பெட்டியின் அடியில், கசங்காமல் இருக்க அட்டை வைத்து, ஒரே ஒரு தாளை எடுத்துப்போனேன். 1874-இல் பிரிட்டனுக்கும் அசாந்தே அரசுக்கும் நடந்த போரைப் பற்றி லண்டன் பத்திரிகைகள் வெளியிட்ட மரச்செதுக்குப் படங்களில் ஒன்றின் நகல் அது. தலைநகர் குமாசியில் அசாந்தே மன்னர் கோஃபி காரிகாரியின் அரண்மனை முற்றம், செங்குத்தான ஓலைக்கூரைகள், நடுவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள்.

படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வானத்தின் குறுக்கே மயிரிழை போல் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். செதுக்கப் பயன்பட்ட பாக்ஸ்வுட் மரம் பருத்து வளராது. அதனால் சிறு கட்டைகளாக வெட்டி, ஆளுக்கொன்றாகச் செதுக்கி, திருகாணி போட்டு இணைப்பார்கள். கட்டைகள் சேர்ந்த இடம்தான் அந்தக் கோடு. போர்முனை ஓவியர்கள் அனுப்பிய பென்சில் படங்களைக் குமாசியைக் கண்டறியாத லண்டன் தொழிலாளிகள் செதுக்கினார்கள். அச்சேறி வாசகர் கைக்கு வந்தபோது அந்த அரண்மனையே இல்லை.

பிரிட்டிஷ் தளபதி கார்னெட் வுல்ஸ்லியின் படை 1874 பிப்ரவரி 4 அன்று குமாசிக்குள் நுழைந்தது. மன்னர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார். படையினர் அரண்மனையிலிருந்த பொன்னை அள்ளினார்கள். 6-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, ஊருக்கும் தீ வைத்துத் திரும்பினார்கள். மன்னர் ஒசேய் பொன்சு 1822-இல் கட்டி முடித்த 'அபன்' என்ற கல்மாளிகையும் அதோடு போயிற்று. பல மொழிப் புத்தகங்கள், கடிகாரங்கள், பொஹீமியக் கண்ணாடிப் பொருட்கள், பாரசீகக் கம்பளங்கள் எல்லாம் அங்கே இருந்ததாகக் கூடவே போன பத்திரிகையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அச்சுப் படங்களும் இருந்தனவாம்! அதைப் படித்த நாளிலிருந்து இந்தத் தாள் எனக்கு வேறாகத் தெரிகிறது.

குமாசிக்கு வெளியே, ஏஜிசுவுக்கு அருகில் பெசேயாசே என்ற ஊர். அங்குள்ள வழிபாட்டு மனை அந்தப் பழைய கட்டுமுறையில் எஞ்சியவற்றுள் ஒன்று. இத்தகைய கட்டடங்களை யுனெஸ்கோ 1980-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. முற்றத்தைச் சுற்றி நான்கு அறைகள். சுவரின் கீழ்ப்பாதி மெருகேற்றிய செம்மண், மேற்பாதி வெள்ளை. அந்தச் சுவரெங்கும் மண்ணால் புடைத்தெழுப்பிய சுருள்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கோலம்போல் ஓடுகின்றன. தாளை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். படத்தில், தூண்களின் நிழலில், கிறுக்கல் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தவை இந்தச் சுருள்களேதான்! இன்னதென்று அறியாமலே ஒரு லண்டன் தொழிலாளியின் உளி அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

மறுநாள் குமாசியின் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகம். பெரும்பாலும் 1874-இலும் பிந்தைய மோதல்களிலும் அசாந்தேயிலிருந்து போன பொருட்களில் 32-ஐ, 150 ஆண்டு கழித்து 2024-இல், பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியமும் இங்கே அனுப்பிவைத்தன. பொன்னாலான சமாதானப் புகைக்குழாய், மன்னரின் ஆன்மாவைத் தூய்மை செய்வோர் மார்பில் அணியும் பொற்பதக்கம், 'ம்போம்போன்சோ' என்ற அரசவாள். சொந்த ஊர் திரும்பிய அவற்றைக் காண மக்கள் திரண்டு வந்தார்கள்.

ஆனால் அவை திருப்பித் தரப்படவில்லை. மூன்றாண்டு இரவல், வேண்டுமானால் இன்னொரு மூன்றாண்டு நீட்டிக்கலாம். உரிமை இன்னும் லண்டனில்தான் இருக்கிறது.