கீழ்மட்டக் கரும்பலகை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் இரண்டு வகைக் கரும்பலகைகளைக் காணலாம். ஒன்று ஆசிரியருக்கு உரியது. நடுச்சுவரில், நின்றால் முகத்துக்கு நேராக இருக்கும். மற்றது தரையை ஒட்டிச் சுவர் நெடுகக் கறுப்புப் பட்டையாக ஓடும். பாயில் உட்கார்ந்த பிள்ளையின் கை எட்டும் உயரம். ஆளுக்கு ஒரு கட்டம். இதற்குக் கீழ்மட்டக் கரும்பலகை என்று பெயர். ஆசிரியர் இதில் எழுத வேண்டுமென்றால் குந்தித்தான் உட்கார வேண்டும். வகுப்பறைக்குள் வந்த கருவிகளில் ஆசிரியரைக் குனிய வைத்தது இது ஒன்றுதான்.

இது செயல்வழிக் கற்றலோடு வந்தது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். 2007-08 வாக்கில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. ஏணிப்படி என்ற படத்தில், தான் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆசிரியர் உதவியோடு படிக்கிற குழு, சக மாணவர் உதவியோடு படிக்கிற குழு, தானாகப் படிக்கிற குழு எனப் பல வகையில் ஆறு வட்டங்கள். எந்த வட்டத்தில் உட்காருவது என்பதைக் கையிலுள்ள அட்டை சொல்லிவிட்டது. வருகைப் பதிவையும் பிள்ளைகளே குறித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை, தான் வந்திருப்பதைத் தானே அறிவிப்பது சிறிய அதிகாரம், ஆனாலும் அதிகாரம்தான்.

இதில் எதுவும் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கருவி மணல், நிர்வாகம் சட்டாம்பிள்ளை. அந்த மூத்த மாணவன் இளையவர்களுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுப்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பும் அவன் கைக்குப் போகும் என்பதால், அந்த முறையை ரொம்பவும் கொண்டாடுவதற்கில்லை. ஆனால் அது கடல் கடந்து போன கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது.

1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் கண்காணிப்பாளரானார். ஒருநாள் குதிரையில் போகும் வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாள் செலவில்லை, பலப்பம் உடையாது, தப்பை ஒரு தடவலில் அழித்துவிடலாம். விடுதிக்குத் திரும்பியதும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியரோ அது நடக்காத காரியம் என்று கையை விரித்தார். பெல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனைக் கூப்பிட்டு அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகன். வயது சுமார் எட்டு. ஆசிரியருக்கு முடியாதது அந்தப் பையனுக்கு முடிந்தது. அதன்பின் மற்ற வகுப்புகளுக்கும் பையன்களே வந்தார்கள்.

1796-இல் ஊர் திரும்பிய பெல், அடுத்த ஆண்டு லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833-இல் நிறுவப்பட்ட பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். சென்னை தன் பழைய பெயரை விட்டுவிட்டது, ஸ்காட்லாந்து விடவில்லை. ஆனால் போன இடத்தில் முறை கெட்டது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை, மனப்பாடம். சிக்கனம் தங்கியது, ஃபிரிஸ்கனிடம் பெல் வைத்த நம்பிக்கை தங்கவில்லை.

திண்டிவனம் வட்டாரத்தில் கருவிகள் இப்போது வேகமாக மாறுகின்றன. மரக்காணம் அருகே கந்தாடு தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் தம் நகைகளை விற்று வகுப்புக்குத் தொடுதிரைப் பலகை வாங்கியது 2017-இல் செய்தியானது. 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அதே மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முதலீடு கருவி இல்லை, மாலை நேரமும் தன்னார்வலரும்தான். பிறகு அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகள் வந்தன. இதற்கிடையே எண் கற்பிக்கப் புளியங்கொட்டையும் போதும். திந்திரிணிவனம், அதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனமானது என்பார்கள். கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் வெள்ளையாகத் தேய்த்தால் தாயக்கட்டையும் ஆகும். அதை எந்தப் பிள்ளையும் கேட்காமலே கையில் எடுக்கும்.

முடிவெடுக்கும் இடங்களும் கூடியிருக்கின்றன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. 2022-இல் தமிழ்நாட்டில் அமைந்த குழுக்களில் 20 பேரில் 15 பேர் பெற்றோர். அந்தப் பிரிவு உறுப்பினராகச் சொல்வது உள்ளாட்சிப் பிரதிநிதி, பெற்றோர், ஆசிரியர் ஆகியோரைத்தான். படிக்கிற பிள்ளையை அது சொல்லவில்லை. 2024-இல் வந்த மகிழ் முற்றம் திட்டம், குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து திணைப் பெயரில் மாணவர் குழுக்களையும் தலைவர்களையும் ஏற்படுத்தியது. அந்தத் தலைவர்கள் கொடி பிடிப்பதோடு நின்றுவிடுவார்களா, எந்தப் புத்தகம் வாங்குவது என்பதிலும் வாய் திறப்பார்களா என்பது அந்தந்தப் பள்ளியைப் பொறுத்தது.

புதிய திரைகள் பெரும்பாலும் நடுச்சுவரில், ஆசிரியரின் உயரத்திலேயே ஏறுகின்றன. பிள்ளை மறுபடியும் அண்ணாந்து பார்க்கிறது. திரை வாங்கும் மேலாண்மைக் குழுக்கள் விலையையும் அகலத்தையும் கேட்பதோடு, ஆணி அடிப்பதற்கு முன் வகுப்பில் குட்டையான பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.