நாலு பேர் பிடித்த மீன்

ஹவாய்த் தீவுகளில் பெரிய தீவின் மேற்குக் கரையைக் கோனா என்பார்கள். அங்கே ஹொனோகோஹாவ் என்றொரு சிறு துறைமுகம் இருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையை வெட்டி 1970இல் அமைத்தது. சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் அந்தத் துறையில் டீசல் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கும். புகை வாடை, பிளாஸ்கைத் திறந்ததும் எழும் காப்பி மணம், பெட்டிகளில் ஐஸ்கட்டி கொட்டும் சத்தம். கோவைக்குத் திரும்பி வந்த பிறகும் சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் செய்ய வேலை இல்லை. நான் வந்து ஏறட்டும் என்று ஒரு படகும் காத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

மௌனா கேயா மலை உச்சியில் நிற்கும் வானியல் தொலைநோக்கிகளைப் பராமரிக்கும் பொறியாளனாகச் சில ஆண்டுகள் அந்தத் தீவில் இருந்தேன். உச்சி 4,200 மீட்டர் உயரம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். விரல் விறைக்கும் குளிர். வேலை முடிந்து வைமேயா ஊருக்கு இறங்கி, அங்கிருந்து இன்னும் கீழே போனால் வெயிலும் கடலும். அந்தக் கடலில் எனக்கு மூன்று நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர் என்னோடு வேலை பார்த்த மெக்கானிக். இன்னொருவர் மலைச்சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த, பிலிப்பைன்ஸ் வம்சாவளிப் பெண்மணி. மூன்றாமவர் படகுக்காரர். ஜப்பானிய வம்சாவளி, எழுபதை நெருங்கியவர். அந்தத் தீவில் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கிள், ஆன்ட்டிதான். எங்களுக்கும் அவர் அங்கிள், காப்பித் தோட்டக்காரர் ஆன்ட்டி.

நீல மார்லினைத் தேடிப் போகிறவர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் கோனாவின் பெயர் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அதற்குக் காரணம் மலைகள். ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை மௌனா லோவா, மௌனா கேயா, ஹுவாலாலை மலைகள் மறித்துவிடுகின்றன. மலை மறைவில் கிடக்கும் கோனாக் கடல் பெரும்பாலான காலைகளில் அலையடங்கி இருக்கும். தீவே கடலடியிலிருந்து எழுந்த எரிமலை என்பதால் கரையை ஒட்டி ஆழம் குறைந்த பரப்பும் அதிகம் கிடையாது. துறைமுக வாயைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனாலே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். மற்ற ஊர்களில் வெகுதூரம் ஓடி அடைய வேண்டிய ஆழ்கடல் இங்கே வாசலில் கிடக்கிறது. சரிவில் இருக்கும் காப்பித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே, அரை டன் மீன் வரக்கூடிய நீரில் தூண்டில் போடலாம். 1982 மே 31 அன்று ஜே டி போபியன் பிடித்த 1,376 பவுண்டு மார்லின், அதாவது 624 கிலோ, இந்தக் கரையோரத்தில் சிக்கியதுதான். பசிபிக் நீல மார்லினுக்கான உலகச் சாதனையாக அது பதிவானது.

மார்லினை அறியாதவர்களுக்கு ஒரு சொல். நம் கரையில் மயில்மீன் என்கிறோமே, அதன் குடும்பம்தான். மேல்தாடை கூர்ந்து நீண்டிருக்கும். பெண்தான் பெரிது. ஆண் மீன் 150 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். துறையில் பேசப்படும் ராட்சச மீன்கள் எல்லாம் பெண் மீன்கள்.

அந்த மீனுக்காகக் காத்திருப்பதுதான் நாளின் பெரும்பகுதி. படகு ஒரே சீரான வேகத்தில் ஓடும். பின்னால் ஐந்து போலி இரைகள், படகு கிளப்பும் அலைகளில் ஆளுக்கு ஓர் அலையைப் பிடித்துக்கொண்டு வரும். மேலே வந்து காற்றைக் கவ்வும். முங்கி வெண்புகையாகக் குமிழ் விடும். மறுபடி மேலே வரும். பார்வையை அதிலிருந்து எடுக்காமலே நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். காப்பி விலை, தொலைநோக்கியில் பழுதான மோட்டார், அங்கிளின் பேத்தி, எங்கள் ஊர்த் தேர். ஆன்ட்டி கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுக்கட்டி கொண்டு வருவார். நான் புளியோதரை கொண்டு போவேன். வாழைப்பழம் மட்டும் படகில் ஏறக்கூடாது. ஏறினால் மீன் கடிக்காது என்பது அங்கே எல்லாப் படகுக்கும் பொதுவான நம்பிக்கை. வாழைப்பழம் வைக்காமல் எந்த நல்ல காரியத்தையும் தொடங்காத ஊரிலிருந்து போனவன் நான். ஆனாலும் ஒருநாளும் அந்தச் சொல்லை மீறியதில்லை. படகின் முன்பக்கம் நல்ல சகுனத்துக்காக ஒரு டீ இலை கட்டியிருக்கும். நாம் குடிக்கும் தேயிலை வேறு. இது அகன்று நீண்ட இலை. ஹவாய்க்காரர்கள் காப்பாகக் கருதுவது.

அங்கிளின் இரைப் பெட்டியை இப்போதும் கண்ணை மூடினால் வரிசை மாறாமல் சொல்ல முடியும். போலி இரையின் தலை கையடக்கமான பிசின் கட்டி. உள்ளே முத்துச்சிப்பித் துண்டு பதித்திருக்கும். முகம் சரிவாக வெட்டியிருக்கும். அந்தச் சரிவின் கோணம்தான் அது நீரில் எப்படி ஓடும் என்பதை முடிவு செய்கிறது. கீழே ரப்பர்ப் பாவாடை இரண்டு அடுக்கு. இந்த வடிவத்துக்குத் தாய்வீடே கோனாதான். மாலியா என்ற படகை ஓட்டிய ஹென்றி சீ, கையால் பிசின் வார்த்து இரை செய்து காட்டியவர்களில் முன்னோடி. அங்கிளும் தன் இரைகளைத் தானே வார்த்தார். மீன் அடித்த இரைகளின் தலையில் நெடுக்கும் குறுக்குமாகக் கீறல் இருக்கும், மார்லினின் சொரசொரப்பான மூக்கு உரசியது. அந்தக் கீறலை அவர் மெருகு போட்டு அழிக்க மாட்டார். ஒவ்வொரு கீறலையும் தொட்டு, அன்று காற்று எந்தப் பக்கம், யார் யார் படகில் இருந்தார்கள் என்று சொல்வார். மீனின் எடையைக் கடைசியில்தான் சொல்வார்.

மீன் அடிக்கும் கணத்தில் பேச்செல்லாம் அறுந்துபோகும். பக்கக் கம்பத்திலிருந்து தூண்டில் நரம்பு தெறித்து விடுபடும். ரீல் அலறும். யார் முதலில் பார்த்தாலும் "ஹனபா!" என்று கத்த வேண்டும்; தூண்டிலில் பிடித்துவிட்டது என்பதற்கு ஹவாயில் அதுதான் குரல். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அங்கிள் சுக்கானில். ஒருவர் நாற்காலியில் அமர்ந்து இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்வார். என் வேலை மற்ற நாலு தூண்டில்களையும் சிக்கில்லாமல் சுருட்டி எடுப்பது, பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்று மீன் ஓடும் திசைக்கு அதைத் திருப்பிக்கொண்டே இருப்பது. ஒரு நரம்பு குறுக்கே விழுந்தால் மீன் போய்விடும். தொலைவில் மீன் நீரைக் கிழித்து எழும்பும், தலையை உதறும், வாலால் நீரை உதைத்துக்கொண்டு கடல்மேலேயே ஓடும். ரீலில் இருக்கும் நரம்பு ஐநூறு மீட்டர் கரைந்தபின், அங்கிள் படகைப் பின்னோக்கி ஓட்டி அதை மீட்டுக் கொடுப்பார். பின்பக்கத்தில் அலை ஏறி எங்கள் முழங்கால்வரை அடிக்கும்.

கடைசி நிமிடங்கள் மெக்கானிக்கினுடையவை. தடித்த கையுறையோடு முள்ளுக்கு மேலுள்ள தடித்த நரம்பைப் பிடித்து, இரண்டு சுற்று கையில் சுற்றி, மீனைப் பக்கத்தில் கொண்டு வர வேண்டும். படகில் இதைவிட ஆபத்தான வேலை கிடையாது. சரியான நேரத்தில் விடாவிட்டால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். மீன் பக்கவாட்டில் வந்ததும் ஆன்ட்டி நீண்ட கழியால் முதுகுத் துடுப்பின் அடியில் அடையாளச் சீட்டைக் குத்துவார். முள்ளைக் கழற்றிய பிறகு உடனே விட்டுவிட மாட்டோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, படகை மெல்ல முன்னே ஓட்டி, செவுள் வழியே நீர் பாயவிடுவோம். போராடிக் களைத்த மார்லின் செம்பு நிறத்தில் மங்கிக் கிடக்கும். நீர் பாயப் பாய நிறம் திரும்பும். முதலில் பக்கத் துடுப்பின் விளிம்பு. பிறகு விலாவில் ஒவ்வொரு பட்டையாக, மயில்கழுத்துப் பட்டு வெயிலில் திரும்புகிற மாதிரி, உள்ளிருந்து நீலம் எரியும். பெரிய கண் ஒருமுறை சுழன்று எங்களைப் பார்க்கும். வால் கனத்து, கையில் ஓர் இழுப்பு. விட்டுவிடுவோம்.

இப்படி விட்ட மீன்கள் எங்கே போகின்றன என்பதும் இப்போது தெரியவந்திருக்கிறது. கோனாவில் 1959 முதல் ஆகஸ்ட் வாக்கில் நடக்கும் ஹவாய் சர்வதேசப் போட்டியில், 2009இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து மார்லின்களுக்குச் செயற்கைக்கோள் பட்டை மாட்டத் தொடங்கினார்கள். சில மாதம் கழித்து அது தானாகக் கழன்று மிதந்து, மீன் போன வழியை அனுப்பும். கோனாவில் விட்ட மீன்களில் சில பூமத்திய ரேகையை நோக்கித் தெற்கே இறங்கி, மார்க்கேசாஸ் தீவுகள் பக்கம்வரை போயிருக்கின்றன. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிழைத்து இவ்வளவு தூரம் நீந்தும் உயிரை விடாமல் வைத்திருக்க எனக்கு மனம் வந்ததில்லை.

வாலில் நரம்பு சுற்றி, ஆழத்திலேயே மூச்சடங்கி மேலே வந்த மீனும் உண்டு. அன்று படகில் சிரிப்பு இருக்காது. ஒரு துண்டும் வீணாக்காமல் கரைக்குக் கொண்டு வந்து, சோயா சாறு, இஞ்சி, மிளகாய், பழுப்புச் சர்க்கரையில் ஊறவைத்து, கியாவே விறகில் புகைபோடுவோம். கியாவே நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அந்தப் புகை எழும்போதெல்லாம் எனக்கு ராமநாதபுரத்துக் கரிமூட்டம் நினைவுக்கு வரும். துறையில் யார் வந்தாலும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவார் அங்கிள்.

மீன்பிடி உலகச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939இல் தொடங்கியது. அதன் விதி கறாரானது: மீன் அடித்தது முதல் தூண்டில்கம்பையும் ரீலையும் ஒருவரே கையாள வேண்டும். வேறொருவர் கை பட்டால் சாதனை கிடையாது. தனி ஆளின் வலுவை அளக்க அது நியாயமான விதிதான். ஆனால் கம்பும் ரீலும் கொண்டு பிடித்ததாகச் சொல்லப்படும் மிகப் பெரிய மார்லின், 1970இல் ஓஆஹு தீவருகே கார்னிலியஸ் சோய் ஓட்டிய வாடகைப் படகில் வந்தது. 1,805 பவுண்டு, 819 கிலோ. அதற்குள்ளே 70 கிலோ மஞ்சள்துடுப்புச் சூரை ஒன்று இருந்தது. படகில் வந்திருந்தவர்கள் கம்பை மாற்றி மாற்றிப் பிடித்ததால் அது உலகச் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. ஹவாய் மீனவர்கள் அந்த மீனை இன்னும் மறக்கவில்லை. ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் கதையில்கூட, தன்னந்தனியாக மார்லினோடு போராடும் கிழவர், அந்தப் பையன் கூட இருந்திருக்கலாமே என்று திரும்பத் திரும்ப ஏங்குகிறார்.

எங்கள் படகிலும் ஒருவர் களைத்தால் அடுத்தவர் நாற்காலியில் அமர்வோம். அங்கிள் ஒருமுறை சொன்னார்: "சாயங்காலம் நாலு பேரும் ஒரே தட்டில்தானே சாப்பிடப்போகிறோம்." அவருக்கு அது போதுமான விதி.

இப்போது அங்கிள் கடலுக்குப் போவதில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. படகை விற்றுவிட்டார். ஆன்ட்டி தோட்டத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டார். மெக்கானிக் வேறு படகில் போகிறார், படம் அனுப்புகிறார். அந்தப் படத்தில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நிற்கும் இடம் தெரியும். எனக்குப் பொறாமை வருவது நாற்காலியில் இருப்பவர்மேல் அல்ல, அந்த ஆள்மேல். இங்கே எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, சுற்றம் இருக்கிறது. ஆனால் சொல்லாமலே ஒவ்வொருவரும் தன் இடத்துக்கு ஓடிப்போய் நிற்கிற, அதில் ஓர் இடம் எனக்கென்று இருக்கிற அந்த ஒழுங்கு இங்கே இல்லை. நான் விட்டுவந்தது அதைத்தான்.

கோனாவுக்குப் போகும் வாய்ப்பு உங்களில் யாருக்காவது கிடைத்தால், தனியாகப் படகு ஏறாதீர்கள். நாலு பேர் சேர்ந்து எடுங்கள். மீன் அடித்தால் தூண்டிலை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நிறம் திரும்பும்வரை பொறுத்திருந்து விட்டுவிடுங்கள். சாதனைப் பட்டியலில் பெயர் வராது. பட்டியலில் பெயர் உள்ள பலருக்கும் வாய்க்காத ஒரு நாள் உங்களுக்கு வாய்த்திருக்கும்.